வாங்கிய புறாவும் வளர்ந்த புறாவும்

அன்புள்ள அண்ணா,

கொளத்தூரில் மொட்டைமாடியுள்ள வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. எட்டாவது படிக்கும் மகனுக்கு ஹோமர் புறா, அதாவது தூரத்தில் விட்டாலும் கூண்டுக்குத் திரும்பிவரும் பந்தயப் புறா, வளர்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. எனக்கும் சின்ன வயதிலிருந்தே உண்டு. மாதவரத்தில் ஒருவரிடம் மூன்று ஜோடி வாங்கினேன். எல்லாம் பந்தயத்தில் பறந்தவை. ஒரு மாதம் அடைத்து வைத்தால் பழகிவிடும் என்றார். அப்படியே வைத்திருந்து ஒரு ஜோடியைத் திறந்துவிட்டோம். மாடியை ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, போய்விட்டன. மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நாம நல்லாத்தானேப்பா பாத்துக்கிட்டோம்?" என்கிறான். மீதி இரண்டு ஜோடியை என்ன செய்வது? உண்மையில் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

எஸ்., கொளத்தூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் மகனிடம் சொல்லுங்கள், அந்த ஜோடி தொலைந்துபோகவில்லை. அநேகமாக அன்று காலையே மாதவரத்தில் தன் பழைய கூண்டுக்குள் போய்த் தீனி தின்றிருக்கும். விஜயவாடாவில் திறந்துவிட்டாலும் சென்னைக்கு வந்துவிடும் பறவைக்குக் கொளத்தூரிலிருந்து மாதவரம் போவது ஒரு வேலையே இல்லை. விற்றவருக்குப் போன் செய்து கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்த ஜோடியைத் திருப்பிக் கேட்காதீர்கள், அடுத்து அது பொரிக்கும் இரண்டு குஞ்சுகளைக் கேளுங்கள். நல்ல மனிதராக இருந்தால் கொடுப்பார்.

நீங்கள் பார்த்துக்கொண்டதில் குறை எதுவும் இல்லை. வளர்ந்த ஹோமரை ஒரு மாதம் அல்ல, வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்து, திறந்த அன்றே பழைய வீட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள் புறா வளர்க்கும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எது தன் வீடு என்பதைப் புறா குஞ்சாக இருக்கும்போது, வெளியே வர ஆரம்பிக்கும் அந்தச் சில வாரங்களில் முடிவுசெய்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டை மாற்றச் சொல்லி அதனிடம் கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது என்றே நினைக்கிறேன். வடசென்னையில் இறக்கையைக் கட்டிப் பழக்குகிறவர்கள் உண்டு, சிலது தங்கிவிடவும் செய்யும். ஆனால் அது சூதாட்டம். போகும் வழியில் பைரி என்ற வேட்டைப் பறவையிடமோ பட்டத்தின் மாஞ்சா நூலிலோ மாட்டினால் உயிர் போவது புறாவுக்குத்தான்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் கூண்டை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும். புறா சூரியனைப் பார்த்துத் திசை அறிகிறது, சூரியன் நேரத்துக்கு நேரம் இடம் மாறுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. 1971-ல் அமெரிக்காவில் கீட்டன் என்பவர் புறாக்களின் முதுகில் சின்னக் காந்தத் துண்டை ஒட்டிப் பறக்கவிட்டார். வெயில் அடிக்கும் நாளில் அவை ஒழுங்காகத் திசை பிடித்தன, மேகம் மூடிய நாளில் குழம்பின. சூரியன் இல்லாதபோது பூமியின் காந்தப்புலம் உதவுகிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் திசை தெரிந்தால் மட்டும் போதாதே, தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்றும் தெரிய வேண்டும். அதற்கு வாசனை உதவுகிறது என்று 1972-ல் இத்தாலியில் பாப்பி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. எந்தப் பக்கக் காற்றில் என்ன வாசனை வருகிறது என்பதைக் குஞ்சு தன் கூண்டில் உட்கார்ந்தபடியே படிக்கிறது. காற்றுப் படாமல் மறைத்து வளர்த்த குஞ்சுகள் தூரத்திலிருந்து வீட்டுக்குத் திசை பிடிக்கத் திணறின. அதனால்தான் மாடிப்படிக்குக் கீழே, நாலு பக்கமும் அடைத்த கூண்டில் ஹோமர் வளர்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மாடியில் வையுங்கள், கம்பிவலை வழியாகக் காற்று வரட்டும், காலை வெயில் விழட்டும். மேலே தகர ஷீட் மட்டும் போட்டால் மே மாதத்தில் வெந்துவிடும், அதன்மேல் கீற்று வேயுங்கள். தரை காய்ந்தே இருக்க வேண்டும்.

மீதி இரண்டு ஜோடி இருக்கிறதே, அதுதான் உங்கள் ஆரம்பம். அவற்றை ஒருபோதும் திறந்துவிடாதீர்கள், குஞ்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிறகடிக்க இடமுள்ள பெரிய கூண்டாகக் கொடுங்கள், அது அவற்றுக்கு நாம் பட்ட கடன். இரண்டு முட்டை இடும், முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் ஏறக்குறைய இரண்டு நாள் இடைவெளி இருக்கும். பகலில் ஆண் உட்காரும், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைவரை பெட்டை. 17, 18 நாளில் பொரிக்கும். முதல் சில நாள் தாய், தகப்பன் இரண்டுமே தொண்டைப் பையில் ஊறும் பாலைத்தான் ஊட்டும். மகனை அந்த நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கண் திறக்காத குஞ்சு தன் அலகை முழுசாகப் பெற்றவரின் வாய்க்குள் விட்டுக்கொள்ளும், இரண்டு உடம்பும் சேர்ந்து குலுங்கும். ஒரு வாரத்தில் குஞ்சின் காலில் அடையாள ரிங் போட்டுவிட வேண்டும், விட்டால் பாதம் பெரிதாகி நுழையாது.

நாலு வாரம் ஆனதும் குஞ்சுகளைப் பிரித்துவிடுங்கள். தலையில் மஞ்சள் முடி அங்கங்கே ஒட்டியிருக்கும், குரல் இன்னும் கீச்சென்று இருக்கும், தானாகக் கொத்தித் தின்னும். இதுதான் சரியான வயசு. வெளியில் வாங்குவதாக இருந்தாலும் இந்த வயசில்தான் வாங்க வேண்டும். ஆறு அல்லது எட்டு போதும்.

வம்சம், பெல்ஜியம் ரத்தம் என்று பெரிய விலை சொல்வார்கள். 2020-ல் நியூ கிம் என்ற பெல்ஜியப் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அவ்வளவு கொடுத்து வாங்கிய சீனக்காரரும் அதை வைத்துக் குஞ்சுதான் எடுக்க முடியும், பறக்கவிட முடியாது. உங்களுக்கு வேண்டியது கையில் பிடித்தால் கனமில்லாமல் இறுக்கமாக இருக்கும், எச்சம் உருண்டையாகப் போடும், கண் தெளிவாக இருக்கும் குஞ்சு. அவ்வளவுதான்.

குஞ்சுகளைப் பழக்குவதில் அவசரமே கூடாது. கூண்டின் வாசலை ஒட்டி, நாலு பக்கமும் மேலேயும் வலை போட்ட ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தினமும் சில மணி நேரம் அதில் விடுங்கள். தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கோபுரம், தென்னை மரம் எல்லாம் அதன் மனதில் ஏறும் நேரம் அது. தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி டப்பாவைக் குலுக்குங்கள், அல்லது விசில் அடியுங்கள். ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் போதும்: கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பச்சைப் பயறு, பட்டாணி கலந்து. கூடவே கிளிஞ்சல் தூளும் செங்கல் பொடியும் கொஞ்சம் உப்பும். முதன்முதலாகத் திறக்கும்போது அது பசியோடு இருக்க வேண்டும், நேரம் சாயங்காலமாக இருக்க வேண்டும். கையால் தூக்கி எறியாதீர்கள். தானாக வெளியே வந்து, கூரையில் உட்கார்ந்து, டப்பா சத்தம் கேட்டு உள்ளே போனால் அன்றைக்கு அது போதும்.

கூட்டமாகக் கிளம்பி, கண்ணுக்குத் தெரியாத தூரம் போய், அரைமணி கழித்துத் திரும்பும் நாள் வரும். அதற்குப் பிறகுதான் டாஸ், அதாவது தூரமாகக் கொண்டுபோய்த் திறந்துவிட்டு வீடு திரும்பவைக்கும் பயிற்சி. முதலில் இரண்டு கிலோமீட்டர், அப்புறம் ஐந்து, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை. சென்னைப் பந்தயங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து விடப்படுவதால் பயிற்சியும் அந்தத் திசையிலேயே. மேகம் மூடிய நாளில் விடாதீர்கள். முதல் வருஷம் பந்தயமே வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் எல்லாம் திரும்பாது, எத்தனை நல்ல புறாவாக இருந்தாலும். அந்த இழப்பைத் தாங்கும் பக்குவம் பையனுக்கு வந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும். அதுவரை ஒடிசா போலீஸ் கதையைச் சொல்லுங்கள். 1946-ல் கோராபுட் மலைப்பகுதியில் வயர்லெஸ் எட்டாத இடங்களுக்குப் புறாக்களைக் கொண்டுபோய், காலில் செய்தி கட்டிவிட ஆரம்பித்தார்கள். 1999 புயலில் தந்தியும் போனும் அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் வேலை செய்தன.

வல்லூறு வரும், குளிர்காலத்தில் பைரியும் வரும். அதை ஒன்றும் செய்யக் கூடாது, சட்டமும் விடாது. வட்டமிடுவது தெரிந்தால் அன்று திறக்காமல் இருங்கள். பட்டம் விடும் நேரத்திலும் அப்படித்தான், தடை இருந்தாலும் மாஞ்சா நம் வானத்தில் இன்னும் இருக்கிறது. பூனைக்கு வலையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு கடித்து அம்மை வரும், கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று தாக்கினால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பக்கத்தில்தானே வேப்பேரி கால்நடை மருத்துவமனை, குஞ்சுகளைக் கொண்டுபோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இப்போது ஜூன். இந்த மாதம் முட்டை வைத்தால் ஆகஸ்ட் தொடக்கத்தில் குஞ்சு பிரிந்துவிடும், மழைக்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பழகிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வீட்டைச் சுற்றி மட்டும் பறக்கட்டும். டாஸ் எல்லாம் பொங்கலுக்குப் பிறகு.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புறாவின் இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் வருஷக்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் கெட்டுவிடும். கூண்டைக் கூட்டும்போது நீங்களும் மகனும் மாஸ்க் போடுங்கள், லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். யாருக்காவது வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ தொடர்ந்தால் டாக்டரிடம் போகும்போது வீட்டில் புறா இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார்.