பாவ்லோ ஸஹ்ரெபெல்னியின் நாவல்களை நம்பி உக்ரைன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளலாமா?

அவருடைய ‘ரொக்சொலானா’ நாவலை முடித்த கையோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அந்த வாசல் வழியாகத்தான் அவரிடம் வருகிறார்கள். நான் ‘திவோ’ வழியாகப் போய் மூக்குடைபட்டவன்.

எண்பதுகளில் கீவில் பொறியியல் படித்தேன். ரஷ்ய மொழி கைவர வேண்டுமென்று அறைத்தோழன் தந்த புத்தகம் அது. 1968-இல் வந்த நாவல்; தலைப்புக்கு ‘அதிசயம்’ என்று பொருள். பதினோராம் நூற்றாண்டில் மன்னன் யாரொஸ்லாவ் ஆட்சியில் கீவின் சோஃபியா பேராலயம் எழும்புகிறது. இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருக்கும் கீவில் அதே ஆலயத்தின் சுவரோவியங்களைக் காக்க ஒத்தாவா என்ற பேராசிரியர் தவிக்கிறார். நாவலில் ஆலயத்தைக் கட்டியவன் சிவூக். அவனுக்காக இரண்டு இரவு தூங்கவில்லை நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோஃபியாவுக்கே போனேன். உள்ளே யாரொஸ்லாவின் பளிங்குக் கல்லறைப் பெட்டி இருக்கிறது. அதைக் காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி அம்மாவிடம், “சிவூக்கை எங்கே புதைத்தார்கள்?” என்று கேட்டேன். கூட்டமே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கட்டியவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, இப்படிக் கேட்பதில் நீ முதல் ஆளும் இல்லை என்றார். ஊர் திரும்பும்வரை விடுதியில் என் பெயர் சிவூக்.

ஆக, மன்னன் பெயர் ஏட்டில் இருந்தது, கட்டியவன் பெயர் இல்லை. அந்த ஓட்டையில்தான் ஸஹ்ரெபெல்னி நுழைந்தார். இதைத் திரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1979 முதல் 1986 வரை உக்ரைன் எழுத்தாளர் சங்கத்தின் முதல் செயலாளர், சோவியத் அரசுப் பரிசு வாங்கியவர், அவரை எப்படி நம்புவது என்று கமெண்டில் வருவார்கள். வரட்டும், எல்லாம் உண்மைதான். 1924-இல் பிறந்து, பள்ளியை முடித்ததும் போர்முனைக்குப் போய், 1942-இல் பிடிபட்டு, 1945 வரை நாஜி முகாம்களில் கிடந்தவரும் அவர்தான். அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரொக்சொலானா, ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம், 1558-இல் இறந்தவள்: இது வரலாறு. அந்தப்புரத்தில் அவள் மனசுக்குள் ஓடியதெல்லாம் ஸஹ்ரெபெல்னி. இரண்டையும் பிரித்துப் படித்தால் போதும்.

ஏட்டில் இருப்பதுதான் உண்மை என்பவர்களுக்கு ஒன்று. ஊர் திரும்பியதும் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் வாங்க எட்டு மாதம் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தேன். கீவ் உக்ரைனில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். “எல்லாம் ஒன்றுதானே சார்” என்றார் எழுத்தர். இன்றுவரை அதில் ‘ரஷ்யா’ என்றுதான் இருக்கிறது.