கடலோரத்தில் சைக்கிள் செயின் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கிறது: ஆயில் போடுவதா, வாக்ஸ் போடுவதா?

கேட்டவர் திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். 9 ஸ்பீடு கியர் சைக்கிளில் தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்குப் போகிறார். டபிள்யூடி-40 அடித்தும் துரு நிற்கவில்லை என்கிறார்.

நிற்காது. அந்த வழக்கமான ஸ்பிரே ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. பெயரில் உள்ள டபிள்யூடி-க்கு அர்த்தமே அதுதான். செயின் கண்ணிகளைக் கோக்கும் சிறு கம்பியான பின்னுக்கும் அதன்மேல் உருளும் ரோலருக்கும் நடுவில் நிற்கிற கனம் அதற்குக் கிடையாது. உள்ளே மிச்சமிருக்கும் நல்ல எண்ணெயையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும்.

வடசென்னையில் செயினுக்கு இரண்டு தொல்லை. ஒன்று உப்பு. கடல் காற்றில் வந்து படியும் உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாவிட்டாலும் செயின் தகடு துருவேறிச் சிவக்கும். காசிமேடு பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். இன்னொன்று கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு ஆகாது. எண்ணெய்ப் படலம் உப்பைத் தடுக்கும், ஆனால் தூசியைப் பிடித்து அரைத்த விழுதாக்கும். அந்த விழுதுதான் பின்னைத் தின்கிறது. வாக்ஸில் தூசி ஒட்டாது. ஆனால் செயின் மடங்கி நிமிரும்போது மெழுகு விரிசல் விடும், உப்பு ஈரம் அதன் வழியே உள்ளே போய்விடும்.

ஆகவே, தினமும் ஓடி, ராத்திரி வாசலில் நிற்கும் சைக்கிளுக்கு ஆயில்தான். வீட்டுக்குள் வைக்க இடமும் மாதம் இரண்டு முறை மெனக்கெடப் பொறுமையும் இருந்தால், ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை வாக்ஸ் அருமையாக வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழைக்கு ஆயிலுக்கு மாறிவிடுங்கள்.

ஆயில் என்றால் சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் வெட் லூப், அதாவது ஈரத்தில் சீக்கிரம் கழுவிப் போகாத எண்ணெய். மெக்கானிக் கடையில் இனாமாகக் கிடைக்கும் கழிவு இன்ஜின் ஆயில் வேண்டாம், அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் நல்லதுதான், ஆனால் மெல்லியது, அடிக்கடி போட வேண்டியிருக்கும்.

போடும் முன் சுத்தம். குயிக் லிங்க் (செயினைக் கழற்றி மாட்டுவதற்கான தனிக் கண்ணி) இருந்தால் செயினைக் கழற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் ஜாடியில் 200 மில்லி மண்ணெண்ணெய் அல்லது பெயின்ட் கடை டர்பன்டைன் ஊற்றிக் குலுக்குங்கள். கறுத்தால் மாற்றி, இன்னொரு முறை. பெட்ரோல் கூடாது, அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பிறகு துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பித்தளைப் பாத்திரம் போலப் புளி, எலுமிச்சை, அல்லது பாத்ரூம் ஆசிட் போட்டுத் துருவை எடுக்கப் பார்க்காதீர்கள். அமிலம் பட்டால் கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, தகடு பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் மிதிக்கும்போது விரிசல் விட்டு அறக்கூடும்.

மாட்டியபின், கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உட்புறத்தில் ரோலருக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று சுற்றி, பத்து நிமிடம் விட்டு, வெளிப்பக்கத்தைப் பழைய பனியன் துணியால் விரலில் கறை ஒட்டாத அளவுக்குத் துடையுங்கள். பெரும்பாலானோர் விடுவது இந்தத் துடைப்பைத்தான். மசகு வேண்டியது உள்ளே; வெளியே மெல்லிய பூச்சு போதும். வாரம் ஒரு முறை துடைத்தாலே பாதித் துரு வராது. டிஸ்க் பிரேக் என்றால் ஸ்பிரே வகை எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிரேக் தட்டான ரோட்டரில் ஒரு துளி பட்டால் பிரேக் பேட் வீணாகும்.

வாக்ஸுக்குச் சுத்தம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். புதுச் செயினில் கம்பெனி கிரீஸ் இருக்கும், மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலம் விட்டுவைக்கும். இரண்டும் போக, கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசிக் காயவிட வேண்டும். இல்லையென்றால் மெழுகு பிடிக்காது. சுத்திகரித்த பாரஃபின் மெழுகு அரை கிலோ போதும், பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள். அடுப்பில் நேரடியாக உருக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். அப்போது சூடு 100 டிகிரியைத் தாண்டாது. செயினை உள்ளே போட்டு ஆட்டிக்கொண்டிருங்கள். குமிழி நின்றால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். உடனே தூக்காதீர்கள். மேலே ஆடை கட்டத் தொடங்கும்வரை ஆறவிட்டு எடுத்தால் உள்ளே அதிக மெழுகு தங்கும். விறைத்த செயினைத் துடைப்பக் கட்டையில் சுற்றி வளைத்து, ஒவ்வொரு மூட்டையும் விடுவித்து மாட்டுங்கள். ஏறத்தாழ 300 கி.மீ. வரை தாங்கும். நடுவில் மழையில் நனைந்தால் அன்றே துடைத்துக் காயவைத்து, மறுபடி மெழுகில் முக்குங்கள்.

செயின் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இதெல்லாம் வீண். இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 இஞ்சில் இன்னொரு பின் நடு வரும். அது 1/16 இஞ்ச் தாண்டினால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து தேய்ந்து போயிருக்கும், புதுச் செயின் பல்லில் வழுக்கும்.