ஸ்லோ குக்கரில் எண்ணெய் குறைந்த கோழிக் குழம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவருக்குக் கொழுப்புச்சத்து கூடியிருப்பதால் எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்காக மகன் மூன்றரை லிட்டர் ஸ்லோ குக்கர் ஒன்றை, அதாவது பீங்கான் பாத்திரத்தில் மெதுவாக வேகவைக்கும் மின்கருவியை, வாங்கித் தந்தான். வழக்கமாக வைக்கும் கோழிக் குழம்பையே அதில் வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் குழம்பு ரசம் போல ஓடுகிறது, மேலே எண்ணெய் மிதக்கிறது, மசாலா வாசனையே இல்லை. "கஷாயத்தில் கறி போட்டிருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். எங்கே தவறு செய்தேன்?
— வாசகி, திருநகர், மதுரை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் தவறு இல்லை, அம்மா. அடுப்பில் வைக்கும் குழம்பின் அளவுகளை அப்படியே ஸ்லோ குக்கருக்கு மாற்றியதுதான் காரணம். நானும் முதல் முறை இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்து, இரவு எட்டு மணிக்கு அதைக் கடாயில் கொட்டி அரை மணி நேரம் வற்ற வைத்திருக்கிறேன்.

திறந்த சட்டியில் கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதால் குழம்பு சுண்டுகிறது. ஸ்லோ குக்கரில் மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாக மீண்டும் உள்ளேயே விழுகிறது. போதாததற்குக் கோழியும் தக்காளியும் வெங்காயமும் தம் நீரை விடுகின்றன. ஆகவே முக்கால் கிலோ கறிக்கு அரை டம்ளர் தண்ணீரே தாராளம்.

எண்ணெயின் கதை வேறு. அடுப்பில் அடி பிடிக்காமல் இருக்கவும் மசாலாவின் பச்சை வாசனை போகவும் எண்ணெய் வேண்டியிருக்கிறது. பீங்கான் பாத்திரத்தில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே வேகும் கறிக்கு அடி பிடிக்கும் அச்சம் இல்லாததால், ஊற்றுகிற எண்ணெய் ஒரு வேலையும் செய்யாமல் மேலே வந்து நிற்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. நம் ஊர் வழக்கப்படி நான்கு கரண்டி ஊற்றினால், நால்வர் சாப்பிடும் குழம்பில் ஆளுக்கு 120 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே வந்துவிடும். அரைத்து ஊற்றும் தேங்காயை இதில் நான் இன்னும் சேர்க்கவில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். தோல் நீக்கிய, எலும்போடு கூடிய பிராய்லர் தொடைக்கறி 750 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு, இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஐந்து வற்றல் மிளகாய், விரல்நுனி அளவு கல்பாசி ஆகியவற்றை எண்ணெய் இல்லாமல் வெறும் கடாயில் வறுத்துப் பொடியாக்குங்கள். அதே கடாயில் ஒரே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, 150 கிராம் சின்ன வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் ஓரங்கள் பழுப்பாகும் வரை பொறுமையாக வதக்குங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தவிர்த்தால் உங்கள் கணவர் சொன்ன கஷாயம்தான் கிடைக்கும், ஏனென்றால் வெங்காயம் பழுப்பாகும் அளவுக்கு ஸ்லோ குக்கரின் சூடு ஒருபோதும் ஏறாது.

பாத்திரத்தின் அடியில் தோல் சீவிய சுரைக்காய்த் துண்டுகள் கால் கிலோ, அதன் மேல் கறி, அதன் மேல் வதக்கிய வெங்காயம், நறுக்கிய தக்காளி இரண்டு, இஞ்சி விழுது, மஞ்சள்தூள், பொடியில் முக்கால் பங்கு, குறைவாக உப்பு, அரை டம்ளர் தண்ணீர். ‘லோ’வில் (குறைந்த சூட்டில்) ஐந்து மணி நேரம், அவசரமென்றால் ‘ஹை’யில் (கூடிய சூட்டில்) மூன்று மணி நேரம். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போகிற சூடு திரும்ப ஏற இருபது நிமிடமாவது பிடிக்கும்.

முடிவில் சுரைக்காய் குழைந்திருக்கும். அதைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்துவிட்டால், தேங்காய் இல்லாமலேயே குழம்பு கெட்டிப்பட்டுவிடும். இன்னும் கெட்டியாக வேண்டுமானால் பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ‘ஹை’யில் கால் மணி நேரம் விடுங்கள். எடுத்துவைத்த கால் பங்குப் பொடியையும், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலையையும், மல்லித்தழையையும் அணைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். மசாலாவின் மணம் ஐந்து மணி நேரச் சூட்டைத் தாங்காது. நீங்கள் தேடிய வாசனை இந்தக் கடைசிக் கைப்பிடியில்தான் இருக்கிறது. தயிர் சேர்க்கும் பழக்கம் இருந்தால் அதுவும் கடைசியில்தான். முன்பே ஊற்றினால் திரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிராய்லர் வாங்குவதே இல்லை. நாட்டுக்கோழிதான், அதுவும் மஞ்சள் தடவி வாட்டிய தோலோடு. தோலை எடுத்தால் நாட்டுக்கோழி எதற்கு என்று மாமியார் கேட்கிறார். ஸ்லோ குக்கருக்கு இது ஒத்துவருமா?
— வாசகி, உசிலம்பட்டி

பதில்: உண்மையில் ஸ்லோ குக்கருக்காகவே பிறந்தது நாட்டுக்கோழிதான். ஆறு வாரத்தில் எடை போட்டு விற்பனைக்கு வரும் பிராய்லரின் தசை மென்மையானது. அதன் நெஞ்சுக்கறி ‘லோ’வில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினாலே நார் நாராகிச் சக்கையாகும். மாதக்கணக்கில் கொல்லையில் ஓடித் திரிந்த கோழியிலோ தசைகளைப் பிணைக்கும் இணைப்புத் திசு மிகுதி. மெதுவான, நெடுநேரச் சூட்டில்தான் அது கரைந்து குழம்புக்கு வழவழப்பைத் தரும். இளசான வெடைக்கோழிக்கு ஐந்தாறு மணி நேரமும், முற்றிய சேவலுக்கு எட்டு மணி நேரமும் ‘லோ’வில் கொடுங்கள். இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்குச் சேவலென்றால் நண்பகலிலேயே ஏற்றிவிட வேண்டும்.

தோலைப் பற்றி உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "தோலை உரிக்கட்டுமா, வாட்டட்டுமா?" என்று கறிக்கடைக்காரர் கேட்கும்போது, வாட்டச் சொல்பவர்கள் அந்தப் புகை மணத்துக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கோழியின் கொழுப்பில் பெரும்பகுதி தோலிலும் அதன் அடியிலும்தான் இருக்கிறது. தோல் நீக்கிய பிராய்லர் நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 3 கிராம் கொழுப்பு என்றால், தோலோடு கூடிய தொடைக்கறியில் அது 15 கிராமைத் தாண்டும்.

இருவரும் விட்டுக்கொடுக்க ஒரு வழி உண்டு. தோலோடேயே முதல் நாள் சமைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் திறந்தால், மேலே மஞ்சள் நிறத்தில் நெய் உறைந்தது போல ஒரு படலம் நிற்கும். அடியில் குழம்பு அசைத்தால் ஆடும் கூழ் போல இறுகியிருக்கும். ஒரு தட்டைக் கரண்டியால் அந்தப் படலத்தை வழித்தெடுத்து எறிந்துவிட்டு, அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறலாம். புகை மணம் குழம்பில் தங்கிவிடும். தட்டில் தோலை ஒதுக்குவது அவரவர் மனவுறுதியைப் பொறுத்தது.

கேள்வி: காலை எட்டு மணிக்கு அலுவலகம் போகிறவள் நான். கறியையும் மசாலாவையும் பாத்திரத்தில் போட்டுவிட்டு, மதியம் ஒரு மணிக்குத் தானாக ஓடும்படி டைமர் வைக்கலாமா? ஃபிரீசரில் உறைந்த கறியை அப்படியே போடலாமா?
— வாசகி, ஆனையூர், மதுரை

பதில்: இரண்டும் கூடாது. ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பச்சைக் கோழி அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மதுரையின் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். உறைந்த கறியும் இதே சிக்கலைத்தான் உண்டாக்கும்: மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் அது பனி விட்டு வேகத் தொடங்குவதற்குள் நெடுநேரம் அந்த இடைப்பட்ட சூட்டிலேயே கிடக்கும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பனி விடச் செய்யுங்கள்.

உங்களுக்கு ஏற்ற வழி, இரவிலேயே மசாலாவை வதக்கித் தனி டப்பாவிலும் கறியைத் தனி டப்பாவிலும் ஃபிரிட்ஜில் வைப்பது. காலையில் பாத்திரத்தில் சேர்த்து உடனே ‘லோ’வில் போட்டு, ஆறு மணி நேரம் கழித்துத் தானாக ‘வார்ம்’ (சூடு ஆறாமல் வைத்திருக்கும்) நிலைக்கு மாறும் குக்கராக இருந்தால் அப்படி அமைத்துவிட்டுப் புறப்படலாம். எலும்போடு கூடிய தொடைக்கறி இதைத் தாங்கும், நெஞ்சுக்கறி தாங்காது. பீங்கான் பாத்திரத்தையே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துச் சூடேற்ற வேண்டாம், விரிசல் விடும். மிஞ்சிய குழம்பை மறுநாள் சூடாக்கவும் ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு அடுப்புதான் சரி.

கேள்வி: பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் மறதியாகக் கறியை ஏற்றிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் போய், மாலையில்தான் வந்தது. கறி வெந்தது போலத்தான் இருந்தது, ஆனாலும் கொட்டிவிட்டேன். வீண் செய்துவிட்டேனா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: சரியாகத்தான் செய்தீர்கள், ஐயா. பாதி வெந்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்த கறியை மீண்டும் கொதிக்கவைத்தாலும் நம்ப முடியாது, ஏனெனில் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியில் அழிவதில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மின்சாரம் போனால், உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடுங்கள். பீங்கான் பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்கக் கூடாது.

மின்தடையை விட நான் அஞ்சுவது குறைந்த மின்னழுத்தத்தைத்தான். 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு 200 வோல்ட் வந்தால், அது தரும் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். விளக்கு மங்கலாக எரியும் மாலைகளில் ‘ஹை’யில் வைப்பதே நல்லது. சந்தேகமென்றால் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக் கறியின் நடுவில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் கவலை இல்லை.

கேள்வி: எண்ணெய் குறைத்த இந்தக் குழம்புக்குப் பரோட்டா தொட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், செல்லூர், மதுரை

பதில்: குழம்பில் மூன்று கரண்டி எண்ணெயை மிச்சம் பிடித்துப் பரோட்டாவில் ஐந்து கரண்டியைச் சேர்ப்பதா? இரண்டு இட்லி, அல்லது எண்ணெய் தடவாத சப்பாத்தி இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய். பரோட்டாவை மாதம் ஒரு முறை கடையில் சால்னாவோடு முழு மனதாகச் சாப்பிடுங்கள். அதற்கு இந்தக் குழம்பு ஈடாகாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒரு ஸ்லோ குக்கரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிளக்கை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாமா?
— வாசகி, மேலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் ஏறக்குறைய நான்கு மடங்கு சூடாகிக் கருவி எரிந்துபோகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இருந்தால் ஓடும், ஆனால் அது பெட்டி போலக் கனக்கும். கருவியின் அடியில் எழுதியிருக்கும் வாட் அளவைப் போல இரு மடங்கு தாங்கும் மின்மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் என்ன செய்வது? என்னிடம் இருப்பது மண்சட்டிதான்.
— வாசகர், சோழவந்தான்

பதில்: மண்சட்டி இருக்கும்போது கருவி வாங்க வேண்டிய தேவை இல்லை, ஐயா. முதல் பதிலில் சொன்ன அதே அளவுகள், தண்ணீர் மட்டும் ஒரு டம்ளர். கொதி வந்ததும் தீயை இருப்பதிலேயே சிறிதாக்கி, விளிம்பில் பொருந்தும் கனமான தட்டால் மூடி, அந்தத் தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி வையுங்கள். உள்ளே எழும் ஆவி குளிர்ந்த தட்டில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே விழும். பிராய்லருக்கு முக்கால் மணி நேரம், நாட்டுக்கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரை மணிக்கு ஒரு முறை அடியைக் கிளறிவிட வேண்டும், தட்டில் தண்ணீர் வற்றினால் மறுபடி ஊற்ற வேண்டும். ஆகவே அடுப்பை விட்டு வெளியே போக முடியாது. ஸ்லோ குக்கருக்குக் கொடுக்கும் விலை அந்த ஓய்வுக்குத்தான்.