பட்டனை அழுத்தும் முன்பே ஃபங்ஷன் ஓடிவிடுகிறது, பெட்டியில் தட்டியது மட்டும் வந்து சேர்வதில்லை. ஏன்?

பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்யும் டிகிண்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் கோடில் கமாண்ட்=சேமி(பெட்டி.கெட்()) என்று ஒரு வரி இருக்கும்; கமாண்ட் என்பது அழுத்தினால் ஓட வேண்டியது, கெட் என்பது பெட்டியில் தட்டியதை எடுப்பது. (சேமி, பெட்டி எல்லாம் பைத்தான் 3 ஏற்கும் பெயர்கள்தான், சிரிக்க வேண்டாம்.) அடைப்புக்குறி போட்டாலே ஃபங்ஷன் அங்கேயே ஓடிவிடும். பட்டன் உருவாகும் அந்த நொடியில் பெட்டியில் ஒன்றும் இருக்காது; சேமிக்குப் போவது வெற்று ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத உரை). சேமி எதையும் ரிட்டர்ன் செய்யாததால் கமாண்டுக்கு மிஞ்சுவது ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது, எரரும் வராது.

கமாண்ட்=லாம்டா: சேமி(பெட்டி.கெட்()) என்று மாற்றுங்கள். லாம்டா என்பது பெயரில்லாத குட்டி ஃபங்ஷன், கூப்பிட்டால்தான் ஓடும். இனி கெட் ஓடுவது அழுத்தும்போதுதான். ‘டெஃப் போட்டு எழுதும் சாதாரண ஃபங்ஷன் போதாதா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: தாராளமாகப் போதும். பெயரை மட்டும் கொடுத்து, கெட்டை உள்ளே கூப்பிடுங்கள். ஃபங்ஷனோடு மதிப்பை முன்கூட்டியே கட்டி வைக்கும் பார்ஷியல்(சேமி, பெட்டி.கெட்()) மட்டும் வேண்டாம், கெட் அங்கேயே ஓடிவிடும், அது பழைய தவறேதான். பார்ஷியல்தான் வேண்டுமென்றால் பெட்டியையே அனுப்பி, கெட்டை சேமிக்குள் கூப்பிட வேண்டும்.

ஃபார் லூப்பில் பத்து பட்டன் செய்தால் லாம்டாவும் காலை வாரும். எதை அழுத்தினாலும் கடைசி எண்தான் வரும். லாம்டா பிடித்து வைப்பது ஐ என்ற லூப் எண்ணின் பெயரை, அப்போதைய மதிப்பை அல்ல. லாம்டா ஐ=ஐ: காட்டு(ஐ) என்றால் சரியாகும். ஆனால் இதை அப்படியே பைக்யூடிக்கு (விண்டோ செய்யும் இன்னொரு லைப்ரரி) கொண்டுபோகாதீர்கள். அங்கே பட்டனை அழுத்தியதைச் சொல்லும் கிளிக்டு சிக்னல், செக்டு என்ற பூலியனையும் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) சேர்த்து அனுப்பும். ஐ-க்குள் ஃபால்ஸ் போய் உட்கார்ந்துவிடும். லாம்டா செக்டு, ஐ=ஐ: என்று எழுதுங்கள்.

கேட்காத ஒன்று, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பெட்டி = என்ட்ரி(ரூட்).பேக்() என்று ஒரே வரியில் எழுதிக் காட்டும் பாடங்களை என்ன சொல்வது! பெட்டியை விண்டோவில் வைக்கும் பேக் திருப்பித் தருவது ‘நன்’. பெட்டி கைவிட்டுப் போய், ‘நன்டைப்புக்கு கெட் இல்லை’ என்று எரர் வரும். இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

கெட் எப்போதும் ஸ்ட்ரிங்தான் தரும். காலிப் பெட்டியில் எடுத்ததை எண்ணாக மாற்ற இன்ட்டுக்குள் போட்டால் வேல்யூஎரர். கால்பேக்கில் (பட்டன் கூப்பிடும் ஃபங்ஷனில்) எரர் வந்தால் விண்டோ மூடாது, டிரேஸ்பேக் என்ற எரர் விவரம் டெர்மினலில் மட்டும் விழும். கன்சோல் இல்லாமல் ஓட்டினால் அதுவும் கண்ணில் படாது. ட்ரை போட்டுப் பிடித்து மெசேஜ்பாக்ஸில் காட்டுங்கள்.

என்டர் கீக்கும் அதே ஃபங்ஷனை பைண்ட் செய்தால், பைண்ட் ஒரு ஈவன்டை அனுப்பும், கமாண்ட் எதையும் அனுப்பாது. கெட்டை உள்ளே கூப்பிடும் டெஃப் சேமி(ஈவன்ட்=நன்) என்று வைத்து, பெயரை மட்டும் கொடுத்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகும்.