கண்மாய்ல பாதித் தண்ணிதான் இருக்கு, எப்படிப் பங்கிடுறது? கேள்வி பதில்

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கண்மாய்ப் பாசனம், அதாவது ஊர் ஏரித் தண்ணிப் பாசனம் பத்தி வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

கமுதிப் பக்கத்துத் தம்பி: அண்ணே, கார்த்திகையோட மழை நின்னுபோச்சு, அரைக் கண்மாய்த் தண்ணிதான். வயலுக்குத் தண்ணி விடுற மடையத் திறக்கலாமா?

காஞ்ச மண்ணுல விதைச்ச புழுதி விதைப்பு நெல்லுதானே தம்பி, வயல்ல ஈரம் இருக்குற வரைக்கும் மடையத் தொடாதீங்க. பொதி கட்டுறப்பவும் (கதிர் உள்ளுக்குள்ள உருவாகுறப்ப) பூக்குறப்பவும்தான் தண்ணி கட்டாயம் வேணும், அப்ப காஞ்சா எல்லாம் பதராப் போயிரும். ஒரு ஏக்கர்ல ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும்னா சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும், வாய்க்கால்ல உறிஞ்சுறது தனி. அதனால ஆயக்கட்டுக்காரங்க, அதாவது இந்தக் கண்மாய்த் தண்ணில பாயுற நிலத்துக்காரங்க எல்லாரும் முதல்ல உக்காந்து, இருக்குற தண்ணி எத்தன நனைப்புக்கு வரும்னு கணக்குப் பாத்து முடிவு பண்ணிட்டு அப்புறம் திறங்க. திறந்துட்டுப் பேசினா சண்டைதான் வரும்.

சிவகங்கைலருந்து ஒரு அக்கா: எங்க வயல் கடைமடை. எங்களுக்கு வர்றதுக்குள்ள தண்ணி தீந்துருது.

அக்கா, இதுக்குத்தான் அந்தக் காலத்துல நீர்பாய்ச்சி இருந்தாரு. மடையத் திறக்குறது, வயல் வயலாப் பாய்ச்சுறது எல்லாம் அவர் பொறுப்பு, நிலக்காரன் மடைல கை வைக்கக் கூடாது. கூலி அறுப்புல எல்லார்கிட்டயும் நெல்லா வரும், அதனால கடைசி வயலும் விளைஞ்சாத்தான் அவருக்கும் நெல்லு. பல ஊர்ல அந்த வேலையச் செஞ்சது தலித் குடும்பங்க, ஊர்க்காரங்க கூலியும் ஒழுங்காக் கொடுக்கல மரியாதையும் கொடுக்கல, அவங்க பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க, அது நியாயந்தான். இப்ப ஆள் போடணும்னா யாரா இருந்தாலும் சரி, ஏக்கர் கணக்குல காசு வசூல் பண்ணி நல்ல சம்பளமாப் பேசுங்க. பஞ்சத்துல இதவிடப் பெரிய வழி எனக்குத் தெரியல.

பரமக்குடித் தம்பி: சிலபேர் கண்மாய்க்குள்ளயே மோட்டார் போட்டு இறைக்கிறாங்க.

ஊர்க்கூட்டத்துல பேசி நிறுத்துங்க. மடை மட்டத்துக்குக் கீழ கண்மாய்க்குள்ளயே தங்குற தண்ணி ஆடுமாட்டுக்கு, ஊர்க் கிணறு ஊறுறதுக்கு. கடைசி நனைப்புக்கு ஆயக்கட்டுக் கிணத்துத் தண்ணிய மணிக்கு இவ்வளவுன்னு ஊரே ஒரு ரேட் வச்சு வாங்குங்க.

இன்னொருத்தர்: 2017 குடிமராமத்துத் திட்டத்துல கண்மாயத் தூர்வாருறப்ப நல்லா ஆழமாத் தோண்டினாங்க, அப்பவும் பாசனத்துக்குப் பத்தலயே?

மடை மட்டத்துக்குக் கீழ எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி தானா வயலுக்கு ஏறாதுங்க. கரைய ஒட்டி ஜேசிபி வச்சு அள்ளுனா கரையும் பலம் போயிரும். முதல்ல கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால நடந்து பாருங்க, ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலம், ரோடு போட்டப்ப அடைச்ச பாலம், கோளாறு பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

கடைசியா ஒருத்தர்: நெல்லத் தவிர வேற என்ன போடலாம்?

மேட்டு வயல்ல குதிரைவாலி போடுங்க, கிணறு இருந்தா குண்டு மிளகாய். ஆனா ஒரே மடைல பாயுற வயல் எல்லாத்துலயும் ஒரே பயிரா இருக்கணும், நடுவுல ஒருத்தர் மட்டும் நெல்லு வச்சா அவருக்காக மடையத் திறக்க வேண்டி வந்துரும்.