பதினோராம் வசனமும் பத்தாம் வசனமும்

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மகனுடைய வேலைக்காகவும் கடன் தீரவும் ஜெபித்து வருகிறேன். ஆண்டுகள் சில கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. என் விசுவாசத்தில் குறையா, அல்லது அந்த வசனம் எனக்கு உரியதில்லையா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, அதற்கு முந்தைய வசனத்தை அட்டையில் அச்சிட்டவர்களை நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பே உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்று கர்த்தர் சொல்வது அந்தப் பத்தாம் வசனத்தில்தான். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துச் சென்ற யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதைக் கையில் வாங்கிய மூப்பர்களுக்கு, ஊர் திரும்பும் நாளைத் தாங்கள் காணப்போவதில்லை என்பது வாசித்த அன்றே விளங்கியிருக்கும்.

இதற்கு மாறாக, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் அறிவித்தவன் அனனியா என்னும் தீர்க்கதரிசி. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா கடிந்துகொண்டார். அந்த வருஷமே அவன் மரித்தான். "இந்த ஆண்டே நடக்கும்" என்று நாள் குறித்துக் கொடுப்பவர்களும், நடக்காதபோது உங்கள் விசுவாசத்தைக் குறைசொல்பவர்களும், எரேமியாவின் வசனத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறார்கள் என்பதே என் கருத்து.

எரேமியாவும் நாள் குறித்துக் கேட்டவர் அல்லர். எருசலேம் முற்றுகையில் இருக்க, தாமும் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்க, கர்த்தர் சொன்னபடி தம் சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, கிரயப்பத்திரம் நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். வாங்கிய கையோடு, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகும் வேளையில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் முறையிடவும் செய்தார் (32ஆம் அதிகாரம்). ஆகவே உங்கள் கேள்வி அவிசுவாசமன்று. அந்த நிலத்தில் அவர் விதைத்ததாகவோ அறுத்ததாகவோ வேதத்தில் இல்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பெர்சிய ராஜா கோரேஸின் கட்டளைக்குப்பின் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியலில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று எஸ்றா 2:23 எழுதி வைத்திருக்கிறது.

அந்த வசனம் முதலில் ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் மாறாதவர் என்பதால் அவருடைய நினைவுகளை நீங்களும் நம்பலாம். உங்கள் மகனுக்கு எந்த மாதம் வேலை கிடைக்கும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியாது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்வதால், மனதுக்குப் பிடித்த வேலை வரும்வரை கிடைக்கிற வேலையை மகன் ஏற்றுக்கொள்ளட்டும். கடன் கணக்கை இருவருமாக உட்கார்ந்து எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைக்கப் பாருங்கள்.