அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல பெரிய கோச்னா யாரைச் சொல்லுவீங்க?

நான் இருக்கிற டல்லாஸ்ல யாரைக் கேட்டாலும் நிக் சேபன் இல்லன்னா பால் பிரையண்ட்னுதான் வரும், ரெண்டு பேருமே அலபாமா காலேஜ் டீமுக்கு ஆளுக்கு ஆறு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தவங்க, தப்பு சொல்ல முடியாது. ஆனா என் ஓட்டு எடி ராபின்சனுக்குத்தான். (இது நம்ம ஊரு கால்பந்து இல்லீங்க, முட்டை மாதிரி பந்தை அக்குள்ல இடுக்கிட்டு ஓடுற ஆட்டம்.)

லூசியானாக்காரர், அப்பா அடுத்தவங்க நிலத்துல விளைச்சல்ல பங்குக்கு விவசாயம் பண்ணவர். காலேஜ் முடிச்சிட்டு ஒரு தீவன மில்லுல மணிக்கு 25 சென்ட் கூலிக்கு இருந்தவருக்கு 1941ல, 22 வயசுல, கிராம்ப்ளிங்ங்கிற குட்டி ஊர்ல கறுப்பினப் பசங்க படிக்கிற காலேஜ்ல கோச் வேலை கிடைச்சுது. கோச்னு பேருதான், கிரவுண்டுல புல்லு வெட்டுறது, கோடு போடுறது, பசங்க கணுக்காலுக்கு டேப் சுத்துறது, மேட்ச் நியூஸை எழுதி பேப்பருக்கு அனுப்புறது வரைக்கும் எல்லாம் அவரே. வெளியூர் போனா சாண்ட்விச் கட்டி எடுத்துட்டுத்தான் போகணும், வழியில வெள்ளைக்காரங்க ஹோட்டல்ல இவங்களுக்கு இடம் கிடையாது. மொத சீசன்ல 3 ஜெயிச்சு 5 தோத்தாங்க, 1942ல ஆடின 9ம் ஜெயிச்சாங்க, அதுவும் எதிர் டீம் ஒண்ணுகூட ஒத்த பாயிண்ட் எடுக்கல!

எனக்குப் புடிச்சது பருத்திக் கதை. ஆரம்ப காலத்துல ரெண்டு பசங்களை அவங்கப்பா பருத்தி எடுக்கணும்னு வீட்டுல நிறுத்திட்டார், இவர் சண்டைக்கெல்லாம் போகல, டீமையே பருத்திக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பருத்தி எடுத்து முடிச்சிட்டு அந்தப் பசங்களைக் கூட்டிட்டு வந்துட்டார். 1985ல பிரையண்டோட 323 வெற்றி ரெக்கார்டை இவர் தாண்டினது எங்க ஊரு காட்டன் பவுல் ஸ்டேடியத்துலதான், பேரைப் பாருங்க!

இவர்கிட்ட ஆடின 200 பேருக்கு மேல புரோ ஃபுட்பாலுக்குப் போயிருக்காங்க. சூப்பர் பவுல்ல (புரோ ஃபுட்பாலோட ஃபைனல்) ஜெயிச்ச மொத கறுப்பின குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்) டக் வில்லியம்ஸ், 1988ல ஜெயிச்சவர், இவர்கிட்ட ஆடின பையன்தான்.

சின்ன காலேஜ்களோட ஆடி சேத்த வெற்றிதானேன்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான். டேய், அந்தக் காலத்துல தெற்குல பெரிய காலேஜ்க இவங்களோட ஆட வந்தாங்களா? பிரையண்டோட அலபாமா டீம்லயே கறுப்பினப் பையன் களத்துல இறங்கினது 1971லதான். அதுக்கப்புறம் நல்லா ஆடுற பசங்களைப் பெரிய காலேஜ்க அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சாங்க, இவரோட கடைசி மூணு சீசன்லயும் தோல்விதான் ஜாஸ்தி. 1997ல 408 வெற்றியோட ஒதுங்கினார், அப்பவும் அதே காலேஜ், 1941ல கட்டின அதே பொண்டாட்டி.